உங்க அம்மா புதன்கிழமை ஏன் சாப்பிடறதில்லை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதறது. ஆண்டவர் தயவுல நானும் உங்க அம்மாவும் கை காலோட நடமாடிக்கிட்டு இருக்கோம், நீயும் உன் கூட ரூம்ல இருக்கிற பொண்ணும் சுகமா இருப்பீங்கன்னு நம்பறேன். முதல்ல நலம்னு ஒரு வார்த்தை எழுதிட்டு அதை அடிச்சுட்டேன், மேல கறுப்பா தெரியுதே அதுதான், ஏன் அடிச்சேன்னு போகப் போகத் தெரியும். தினமும் போன்ல பேசறோமே, இந்த மனுஷன் இப்ப எதுக்குக் கடிதம் எழுதறார்னு நீ சந்தேகப்படுவே. என் மகளாச்சே, சந்தேகப்படாம இருந்தாத்தான் அதிசயம். போன்ல பேசினா நீ நடுவுல அப்பா அப்பான்னு கூப்பிடுவே, நானும் ஒண்ணுமில்லம்மா ஒண்ணுமில்லன்னு வாயில வந்ததைச் சொல்லி வச்சிடுவேன். பேப்பர்ல அது முடியாது. சமையலறைக் குழாய் ஒழுகறது நின்னாச்சு, வாஷர் மாத்திட்டேன். மாடி வீட்டுக்காரங்க புதுசா ஒரு நாய் வாங்கியிருக்காங்க, நான் படியில கால் வச்சாலே குரைக்குது, அதுக்கும் என் மேல ஏதோ சந்தேகம் போல. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கு. வீட்டு விஷயம் இவ்வளவுதான். இனிமே எழுதப் போறதை உட்கார்ந்து படி, வேலைக்குக் கிளம்பற அவசரத்துல படிக்காதே.

எட்டு மாசத்துக்கு முன்னால ஒரு புதன்கிழமை உங்க அம்மா காலையில டீ மட்டும் எனக்குப் போட்டுக் குடுத்துட்டு தனக்குப் போட்டுக்கல. கேட்டதுக்கு இன்னைக்கு உபவாசம்னு சொன்னா. சரி, சபையில ஏதாவது சொல்லியிருப்பாங்கன்னு விட்டுட்டேன். அடுத்த புதனும் அதே, அதுக்கடுத்த புதனும் அதே. மூணாவது புதன்ல நான் சபை நோட்டீஸ் போர்டைப் போய்ப் பார்த்தேன், எந்த உபவாச ஜெபமும் போடல. உனக்குத்தான் என்னைத் தெரியுமே, முப்பத்தோரு வருஷமா லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், நல்லா ஓடற மெஷின்லயே காதை வச்சு எங்க கீச்சுங்குதுன்னு கேக்கறவன். கல்யாணமான நாள்லருந்து ஒருவேளை கூடத் தவறாம சாப்பிட்டவ, காய்ச்சல்ல படுத்திருந்தப்பக் கூட ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுத்தான் மாத்திரை போட்டுக்குவா, அப்பேர்ப்பட்டவ வாரத்துல ஒரு நாள் காலையிலருந்து பொழுது சாயற வரைக்கும் வெறும் தண்ணியில இருக்கான்னா எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. எதுக்காக இருக்கேன்னு நேராவே கேட்டேன். ஆண்டவர் கிட்ட ஒரு காரியம் பேச வேண்டியிருக்குன்னா. என்ன காரியம்னேன். உங்க கிட்ட பேச வேண்டிய நேரம் வந்தா பேசறேன்னுட்டு மருந்துக்கடைக்குக் கிளம்பிப் போயிட்டா. புருஷன் கிட்ட சொல்ல முடியாத காரியம் ஆண்டவர் கிட்ட என்ன இருக்குன்னு அன்னைக்குப் பிடிச்சது எனக்கு அரிப்பு.

முதல்ல உடம்புக்கு ஏதோ வந்திருக்கு, மறைக்கிறான்னு நினைச்சேன். அவ வேலை பார்க்கிறதே மருந்துக்கடை கவுன்ட்டர்ல, என்ன மாத்திரை வேணும்னாலும் எனக்குத் தெரியாம சாப்பிடலாமே. அவ கைப்பையைத் துழாவினேன், எழுத வெக்கமாத்தான் இருக்கு. ஒரு சீப்பு, பஸ் சீட்டு ரெண்டு, ஒரு ஜெபக் குறிப்பு நோட்டு. நோட்டுல உன் பேர், உன் வேலை, என் முட்டி, மாடி வீட்டு அம்மாவோட கண் ஆபரேஷன் எல்லாம் இருந்துச்சு. கடைசிப் பக்கத்துல தேதியோட புதன் புதன்னு மட்டும் எழுதி எதிர்ல ஒண்ணும் எழுதாம விட்டிருந்தா. அந்த வெத்து இடத்தைப் பார்த்ததும் உடம்பு சந்தேகம் போய் உன் மேல சந்தேகம் வந்துச்சு. நீ அங்க ஏதோ வம்புல மாட்டிக்கிட்டு அம்மா கிட்ட மட்டும் சொல்லியிருக்கேன்னு நினைச்சேன். அந்த மாசம் ஒருநாள் சம்பந்தமே இல்லாம அங்க உனக்கு யாராவது தொந்தரவு குடுக்கறாங்களான்னு நாலு தடவை கேட்டேனே, ஞாபகம் இருக்கா, நீ கூட அப்பாவுக்கு என்னாச்சுன்னு சிரிச்சே. அதுக்கப்புறம் போதகர் மேல திரும்புச்சு. புதுசா வந்த இளவயசுக்காரர், பொம்பளைங்களை எல்லாம் பட்டினி போட வச்சு தனக்குப் பேர் சம்பாதிக்கிறார்னு எனக்கு நானே கதை கட்டிக்கிட்டேன். ஒருநாள் ஆராதனை முடிஞ்சு அவர் நாற்காலி அடுக்கிக்கிட்டிருந்தப்பப் போய், எங்க வீட்டம்மாவை யாரு உபவாசம் இருக்கச் சொன்னதுன்னு கேட்டேன். அவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழ வச்சுட்டு, நான் சொல்லலை அண்ணே, அக்கா எதுக்காக இருக்காங்கன்னும் எனக்குத் தெரியாதுன்னார். அதோட விட்டிருக்கலாம். நீங்க ஏன் இவ்வளவு பதட்டமா கேக்கறீங்கன்னு திருப்பிக் கேட்டார் பாரு, எனக்குச் சுருக்குன்னுச்சு. பதட்டமெல்லாம் இல்லைன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து அவரைப் பத்தி இன்னும் ரெண்டு சந்தேகம் சேர்த்துக்கிட்டேன்.

உபவாசம்னா என்னன்னு நான் அதுவரைக்கும் என்ன நினைச்சிருந்தேன்னு சொல்றேன். கம்பெனி கேட்டுக்கு முன்னால பந்தலைப் போட்டு உட்கார்ந்து, கேட்டதைக் குடுக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டோம்னு அடம் பிடிக்கிற மாதிரி ஆண்டவர் கிட்ட அடம் பிடிக்கிறது. நமக்கு ஒண்ணு வேணும், சும்மா கேட்டா கிடைக்கல, வயித்தைக் காயப் போட்டுக் கேட்டா மனசு இரங்கிக் குடுத்துடுவார். அப்படித்தான் நினைச்சிருந்தேன். அதனாலதான் உங்க அம்மா எதைக் கேக்கறா, யாருக்கு எதிராக் கேக்கறாங்கறதே என் கவலையா இருந்துச்சு.

அப்புறம்தான் டிபன் பாக்ஸ் கண்ணுல பட்டுச்சு. புதன்கிழமை சாயங்காலம் பாத்திரம் கழுவற இடத்துல அவ டிபன் பாக்ஸ் ஈரமா கவுத்து வச்சிருந்துச்சு. சாப்பிடாதவளுக்கு டிபன் பாக்ஸ் எதுக்கு? அடுத்த வாரமும் பார்த்தேன், அதே மாதிரி ஈரம். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கோபம், ஆஹா, இந்தம்மா ஊருக்கு உபவாசம், உள்ளுக்குள்ள விருந்தான்னு. கையும் களவுமா பிடிக்கணும்னு முடிவு பண்ணினேன். போன மாசம் ஒரு புதன் அரைநாள் லீவு போட்டுட்டு மருந்துக்கடைக்கு எதிர்ல இருக்கிற பஸ் நிறுத்தத்துல பேப்பரை விரிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணிக்கு உங்க அம்மா பையோட வெளிய வந்தா. வீட்டுப் பக்கம் வரல, சபைப் பக்கமும் போகல. மார்க்கெட்டுக்குப் பின்னால இருக்கிற குறுகலான தெருவுல நடந்தா, வெயில்ல ரெண்டு தடவை நின்னு சுவரைப் பிடிச்சுக்கிட்டா, ஓடிப் போய்ப் பிடிக்கணும்னு தோணுச்சு ஆனா நான் மறைஞ்சு வந்தவனாச்சே, எப்படிப் போவேன். கடைசியில துணி தேய்க்கிற கடைக்கு மேல, வெளிப்படி வச்ச ஒத்தை ரூம் வாசல்ல நின்னு கதவைத் தட்டினா. உள்ள இருந்து ஒரு அம்மா கைத்தடியை ஊனிக்கிட்டு, ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு வந்து கதவைத் திறந்தாங்க. உங்க அம்மா பையிலருந்து டிபன் பாக்ஸை எடுத்துக் குடுத்தா. அந்த அம்மாவை நான் அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன், ஸ்ட்ரெச்சர்ல. பேப்பர் என் கையிலருந்து எப்ப விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எட்டு மாசமா யார் யாரையோ சந்தேகப்பட்டேனே, ஒரே ஒரு ஆளை மட்டும் விட்டு வச்சிருக்கேன்னு அந்தத் தெருவுல நின்னுக்கிட்டிருந்தப்பத்தான் புரிஞ்சுச்சு.

அந்த அம்மா யாருன்னு உனக்குச் சொல்லணும். மூணு வருஷத்துக்கு முன்னால நீ கிளம்பிப் போன ஒன்பதாவது நாள், நான் பொறுப்பா பார்த்துக்கிட்டிருந்த ஒரு ஆபீஸ் கட்டடத்துல ஒரு விபத்து நடந்துச்சு. ஒவ்வொரு மாடியிலயும் லிப்ட் கதவுக்கு ஒரு பூட்டு உண்டு, லிப்ட் அந்த மாடிக்கு வந்து நின்னாத்தான் அது விடும். மூணாவது மாடிப் பூட்டு தேஞ்சு போயிருந்துச்சு. ஆபீஸ் கூட்டித் துடைக்கிற அம்மா பக்கெட்டோட கதவை இழுத்தாங்க, கதவு திறந்துக்கிச்சு, லிப்ட் அங்க இல்ல. ரெண்டு மாடி கீழ நின்ன லிப்ட்டோட கூரை மேல விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. உயிர் பிழைச்சதே ஆண்டவர் செயல். விபத்து நடந்தது உனக்குத் தெரியும், எனக்குக் கீழ வேலை பார்த்த நெட்டையன், நீ நெட்டைச் சித்தப்பான்னு கூப்பிடுவியே, அவன் சரியா செக் பண்ணாம விட்டுட்டான், அதனால வேலை போச்சுன்னு நான் சொன்னதும் உனக்குத் தெரியும். ஐயோ பாவம் சித்தப்பான்னு கூட நீ சொன்னே. பொய் மகளே. அந்த லிப்ட்டை மாசாமாசம் பார்க்க வேண்டிய தேதி பன்னெண்டு. அந்த மாசம் பன்னெண்டாம் தேதி நீ விமானம் ஏறின நாள். நான் லீவு போட்டிருந்தேன், ஒரு மணி நேரத்துல திரும்பிடலாம்டா, பெட்டி தூக்க ஆள் இல்லைன்னு டியூட்டியில இருந்த நெட்டையனை நான்தான் வண்டியோட கூப்பிட்டேன். உன் விமானம் சாயங்காலம் வரைக்கும் தாமதமாச்சு, ஒருத்தரும் நகரல. கிழிஞ்சு போன உன் அட்டைப் பெட்டியை அவன்தானே தரையில உட்கார்ந்து கயிறு போட்டுக் கட்டினான், உனக்கு ஞாபகம் இருக்கும்.

மறுநாள் பதிவேட்டை நிரப்பறப்ப, ஒரு மாசம் விட்டா என்ன ஆகிடப் போகுதுன்னு பன்னெண்டாம் தேதிக்கு நேரா எல்லாம் சரின்னு எழுதி, சோதிச்சவர்ங்கற இடத்துல அவன் பேரை நானே எழுதி, கீழ என் கையெழுத்தைப் போட்டேன். அவன் கிட்டச் சொல்லவும் இல்ல. விசாரணையில அவனை முதல்ல கூப்பிட்டாங்க. நான் அன்னைக்கு அந்தக் கட்டடத்துக்கே போகல, முழுநாளும் அண்ணனோட விமான நிலையத்துல இருந்தேன்னு உள்ளதை உள்ளபடி சொல்லிட்டு வந்து எனக்குப் பக்கத்துல உட்கார்ந்தான், நான் உள்ள போய் அதையே சொல்லுவேங்கிற நம்பிக்கையில. அறைக்குள்ள மூணு பேர் இருந்தாங்க. இவர் உங்களோட இருந்தாரான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன். நான் லீவு, அவனை வேலைக்குத்தான் அனுப்பினேன், எங்க போனான்னு எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். நடுவுல இருந்தவர் உறுதியா சொல்றீங்களான்னார். உறுதியான்னேன். வெளிய வந்தப்ப அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே எழுந்து நின்னான், எல்லாம் முடிஞ்சுதாண்ணேன்னு. ஆமாடான்னேன்.

அன்னைக்குத் தெருவுலருந்து நான் முன்னாடியே வீட்டுக்கு வந்து சமையலறையில உட்கார்ந்துட்டேன். உங்க அம்மா வந்தா, என் செருப்புல ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தா, என் முகத்தைப் பார்த்தா, பின்னாலயே வந்தீங்களான்னு கேட்டா. எவ்வளவு நாளா தெரியும்னு கேட்டேன். எட்டு மாசத்துக்கு முன்னால அந்த அம்மா வலி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்கு வந்தாங்களாம், கூட்டமில்லாத நேரம், எப்படி ஆச்சுன்னு இவ கேட்டிருக்கா. அவங்க கதையைச் சொல்லி, பன்னெண்டாம் தேதி செக் பண்ணினதா புத்தகத்துல எழுதியிருந்துச்சாம்மா, ஒன்பதே நாள்ல எப்படிம்மா கெட்டுப் போகும்னு கேட்டாங்களாம். உங்க அம்மாவுக்கு அந்தத் தேதி மறக்குமா, ஒத்தை மகளை அனுப்பி வச்ச தேதியாச்சே. அன்னைக்கு முழுக்க நீங்களும் என் பக்கத்துல நின்னீங்க, நெட்டைத் தம்பியும் என் பக்கத்துல நின்னுச்சு, அப்புறம் எந்தக் கை அந்தப் புத்தகத்துல எழுதுச்சுன்னு கவுன்ட்டர்ல நின்னபடியே கணக்குப் போட்டுட்டேன்னா. அப்ப இத்தனை நாள் நான் மாட்டிக்கணும்னுதான் பட்டினி கிடந்தியான்னு கேட்டேன், அப்பவும் பாரு என் புத்தியை. அவ இல்லைன்னா. உங்களுக்காக இல்ல, எனக்காகத்தான் இருந்தேன்னா.

அவ சொன்னதை அப்படியே எழுதறேன், பாதி எனக்கு இன்னும் முழுசா விளங்கல. விபத்து நடந்த மறு மாசமே நெட்டையன் மருந்துக்கடைக்கு வந்து, அக்கா ஒரு நிமிஷம் பேசணும்னு நின்னானாம். நான்தான் அவன் நம்மைக் கண்டபடி ஏசறான், அவன் கூடப் பேச்சு வச்சுக்காதேன்னு அவ கிட்டச் சொல்லி வச்சிருந்தேனே, அதை நம்பி இவ முகத்தைத் திருப்பிக்கிட்டு, வேலை நேரத்துல பேச முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டாளாம். அவன் அதோட சபைக்கும் வர்றதை நிறுத்திட்டான். அந்த நிமிஷம் நின்னு கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்ல, கேக்க எனக்கு இஷ்டமில்ல, கேட்டா நம்ம வீட்டு நிம்மதி போயிடும்னு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சுன்னா. தெரிஞ்சப்புறமும் எட்டு மாசம் உங்க கிட்ட வாயைத் திறக்க முடியல, உங்களுக்கு வேலை போயிடும், ஓய்வு பெற ஒரு வருஷம்தான் இருக்கு, மகளுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பா, இப்படி ஆயிரம் சமாதானம். வயிறு நிறைஞ்சிருக்கிறப்ப எல்லா சமாதானமும் நியாயமாத் தெரியுது. சாப்பிடாம முழங்கால்ல இருந்து பாருங்க, முதல் அரைமணி நேரம் பசிதான் பேசும், அது பேசி ஓய்ஞ்சப்புறம் ஒவ்வொரு சமாதானமா கழண்டு விழும், அந்த அம்மாவோட கைத்தடிச் சத்தம் மட்டும்தான் மிச்சம் இருக்கும்னா. ஆண்டவர் கிட்ட எதைக் கேக்கப் போனேன்னுதானே சந்தேகப்பட்டீங்க, அவர் என்ன சொல்றாருன்னு கேக்கத்தான் போனேன், அவர் சொல்றதும் ஒண்ணே ஒண்ணுதான், போய்ச் சொல்லுங்கறாரு, எனக்குத்தான் தைரியம் வரல, அடுத்த புதன் அடுத்த புதன்னு தள்ளிக்கிட்டே போச்சு, சாப்பிடாத சாப்பாட்டை வீட்ல வச்சுப் பார்க்க முடியல, அதான் அங்க கொண்டு போய்க் குடுத்தேன்னா. அந்த அம்மா கிட்ட நீ யாருன்னு சொன்னியான்னு கேட்டேன். அதுக்குத்தான் அழுதா. இன்னும் சொல்லல, என்னை ஏதோ தர்மவதின்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க, நான் போடற சோத்துலயே ஒரு பொய் இருக்குன்னா.

அடுத்த புதன் நானும் சாப்பிடல. சும்மா சொல்லக் கூடாது, பத்து மணிக்கே தலை சுத்துச்சு, பதினொரு மணிக்கு உங்க அம்மா மேல கோபம் வந்துச்சு, பன்னெண்டு மணிக்கு ஒரு பிஸ்கட் தின்னா ஆண்டவர் கோவிச்சுக்குவாரான்னு யோசிச்சேன். முழங்கால் போட்டேன், முட்டி கத்துச்சு, கட்டில் மேல முழங்கையை ஊனிக்கிட்டேன். உங்க அம்மா சொன்ன மாதிரி சமாதானம் எதுவும் அழகா கழண்டு விழல. எனக்கு வந்ததெல்லாம் என் மேலயே சந்தேகம்தான். இப்ப நீ வருத்தப்படறது மனந்திரும்புதலா, இல்ல பொண்டாட்டி கண்டுபிடிச்சுட்டாங்கற பயமா? அவ கண்டுபிடிக்காம இருந்தா நீ ஓய்வு பெற்று மாலை மரியாதை வாங்கிக்கிட்டு வந்திருப்பியா மாட்டியா? இதுக்கு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பதில் தெரியாது, உன் கிட்ட நல்லவன் வேஷம் போட விரும்பல. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுச்சு. மூணு வருஷமா நான் செஞ்ச ஜெபம் ஒண்ணுலயும் நெட்டையன் பேர் இல்ல. வாய்க்கு வர்றப்பெல்லாம் அதைத் தாண்டிப் போயிருக்கேன், ரிப்பேரான மாடியைத் தாண்டிப் போற லிப்ட் மாதிரி. அன்னைக்கு அவன் பேரைச் சொன்னேன். சொன்னப்புறம் எந்திரிச்சு சட்டையை மாட்டிக்கிட்டு நேரா கம்பெனிக்குப் போயிட்டேன், கொஞ்சம் உட்கார்ந்தா மனசு மாறிடும்னு என் மேல எனக்கே நம்பிக்கை இல்ல.

மேனேஜர் நான் சொன்னதை முழுசாக் கேட்டுட்டு என்னையே சந்தேகமாப் பார்த்தார். நீயும் அவனும் சேர்ந்து ஏதாவது நாடகம் போடறீங்களா, இவ்வளவு நாள் கழிச்சு எதுக்குன்னு கேட்டார். எழுதிக் குடுத்தேன், கையெழுத்துப் போட்டேன். வீட்ல இரு, கூப்பிடறப்ப வான்னு சொல்லியிருக்கார், வேலை இனிமே இல்லைன்னு வச்சுக்கோ, இதுக்காக நீ கலங்காதே, அதுதான் முறை. அவன் மேல தப்பில்லைன்னு கம்பெனி லெட்டர் குடுத்திடும்னு எழுத்தர் மட்டும் வாசல் வரைக்கும் வந்து காதுல சொன்னார். அங்கருந்து நெட்டையன் கடைக்குப் போனேன். மின்விசிறி, மிக்ஸி ரிப்பேர் பண்ற சின்னக் கடை, அவன் உயரத்துக்கு அதுல நிமிர்ந்து நிக்கவே முடியாது. மோட்டாருக்குக் கம்பி சுத்திக்கிட்டிருந்தான். நான் ஸ்டூல்ல உட்காரப் போனேன், அங்க உட்காராதீங்கண்ணே, அது கஸ்டமர் உட்கார்ற இடம்னான். நின்னபடியே எல்லாத்தையும் சொன்னேன், கம்பெனியில எழுதிக் குடுத்ததையும் லெட்டர் வரும்ங்கறதையும் சொன்னேன். அவன் சுத்தறதை நிறுத்தவே இல்ல, எண்ணிக்கை தப்பிடும்னு நினைச்சானோ என்னவோ. முடிஞ்சப்புறம், லெட்டரை வச்சு நான் என்ன பண்ணட்டும், வேலை எனக்கு இப்ப வேண்டாம், என் வீட்டுக்காரி கிட்ட வந்து சொல்லுங்க, அவளும் என்னை நம்பல, ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு எரியுது மூணு வருஷமான்னான்.

இன்னொண்ணு எழுதணும், இதை உங்க அம்மாவுக்கே முந்தாநாள்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு, நெட்டையன் வீட்டுக்காரி, விசாரணை முடிஞ்ச வாரமே நம்ம வீட்டுக்கு வந்துச்சு. உங்க அம்மா வேலைக்குப் போயிருந்தா. வாசல்ல நின்னு, அண்ணே, இவர் அன்னைக்கு வேலைக்குப் போறதா சொல்லிட்டுத்தான் போனார், இப்ப உங்களோட விமான நிலையத்துல இருந்தேங்கறார், நீங்க மட்டும் ஆமான்னு சொல்லுங்க, எனக்கு அது போதும்னு கேட்டுச்சு. விசாரணையில சொன்னதை வாசல்ல மாத்த முடியுமா? இல்லம்மா, என்னோட இல்ல, வேற எங்கயாவது போயிருப்பான்னு சொன்னேன். வேற எங்கன்னு அந்தப் பொண்ணு கேக்கவே இல்ல. முந்தானையை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு படியிறங்கிப் போச்சு. ஒரு மனுஷன் பகல் முழுக்கப் பொண்டாட்டி கிட்டப் பொய் சொல்லிட்டு எங்க போயிருப்பான்னு அந்தப் பொண்ணு என்ன நினைச்சிருக்கும்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் கதவைச் சாத்தினேன். வேலை போனதெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல.

முந்தாநாள் மதியம் நானும் உங்க அம்மாவும் அவங்க வீட்டுக்குப் போனோம். அந்தப் பொண்ணு தையல் மெஷின்ல உட்கார்ந்திருந்துச்சு, நெட்டையன் கதவோரமா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். சொன்னேன். அன்னைக்கு வாசல்ல நான் சொன்னது பொய், அவன் காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் என் மகளோட பெட்டியைத் தூக்கிக்கிட்டு என் பக்கத்துலதான் நின்னான்னு சொன்னேன். அந்தப் பொண்ணு கத்தும், ஏசும், எதையாவது தூக்கி அடிக்கும்னு எதிர்பார்த்தேன், அடிச்சா தேவலைன்னு கூட இருந்துச்சு. மெஷின் சக்கரத்தைக் கையால நிறுத்துச்சு. அப்புறம் தலை நிமிராமலே, அன்னைக்கும் நீங்க இதே முகத்தை வச்சுக்கிட்டுத்தானே சொன்னீங்க, இன்னைக்குச் சொல்றதை மட்டும் நான் எப்படி நம்பறதுன்னு கேட்டுச்சு. உங்க அம்மா நானும் பார்த்தேம்மான்னா. நீங்க அவர் சம்சாரம், நான் யார் வாயையும் நம்பறதா இல்ல, உங்க மக பொய் சொல்லாத பொண்ணு, அது சொல்லட்டும், ஞாயித்துக்கிழமை மதியம் கூப்பிட்டுக் கேக்கறேன்னுச்சு. நான் உன் நம்பரை ஒரு சீட்டுல எழுதி மெஷின் மேல வச்சுட்டு வந்தேன். மூணு வருஷத்துக்கு முன்னால நெட்டையன் இதே நம்பரைத்தான் என் கிட்டக் கேட்டான், குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். திரும்பி வர்ற வழியில உங்க அம்மா என்னை வெளியவே நிறுத்திட்டு, துணி தேய்க்கிற கடைக்கு மேல தனியா ஏறிப் போய்த் தான் யாருன்னு அந்த அம்மா கிட்டச் சொல்லிட்டு வந்தா. அவங்க என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். அதை இப்ப கேக்காதீங்கன்னா, கேக்கல. சந்தேகம் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

நீ தனியா இருக்கிற இடத்துல இப்படி ஒரு கடிதத்தை அனுப்பறேனேன்னு மனசு அடிச்சுக்குது. நீ ஊருக்குப் போன நாள்னால இதெல்லாம் நடந்துச்சுன்னு மட்டும் நினைச்சுடாதே, நீ போனது சரி, தாமதமானது விமானம், பொய் எழுதினது நான். கோபம் வந்தா வரட்டும், எத்தனை நாள் பேசாம இருக்கணுமோ இரு, ஆனா அம்மா கிட்டப் பேசிடு, அவ ரொம்ப மெலிஞ்சு போயிட்டா. நேரத்துக்குச் சாப்பிடு, நீயும் பட்டினி கிடக்க ஆரம்பிச்சுடாதே, அப்படி எப்பவாவது இருக்கணும்னு தோணினா யார் கிட்டயும் எதையும் வாங்கறதுக்காக இருக்காதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் பார்த்துக்கட்டும், உன் வேலையை ஆசீர்வதிக்கட்டும், எங்க கிட்ட இல்லாத தைரியத்தை உனக்குக் குடுக்கட்டும்.

மறந்துடாதே, ஞாயித்துக்கிழமை மதியம் உனக்குத் தெரியாத நம்பர்லருந்து ஒரு போன் வரும், எடு. அந்தப் பொண்ணு கேக்கறதுக்கெல்லாம் அன்னைக்கு நீ கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லு. அப்பாவுக்காக ஒரு வார்த்தை கூடக் குறைச்சுச் சொல்லாதே.

இப்படிக்கு
உன் அப்பா
(அம்மாவும் இதைப் படிச்சுப் பார்த்துட்டா)